மூன்று நாள் விரதம்

டாக்டரைப் பார்க்கும் நாள் நெருங்கிவிட்டால் எங்கள் வீட்டில் விரதம் தொடங்கிவிடும். ஏகாதசி விரதமும் அன்று, சஷ்டி விரதமும் அன்று. சித்தப்பாவின் சர்க்கரை விரதம். மூன்று மாதத்தில் எண்பத்தேழு நாள்கள் சீனி போட்ட தேநீரும், சாலைக் கடைத்தெருவின் பழம்பொரியும், இரவில் வயிறு நிறையச் சோறுமாகக் கழியும். எஞ்சிய மூன்று நாள்களில் கேழ்வரகுக் கூழ் உண்டு, பாகற்காய்ச் சாறு உண்டு, விடியுமுன் கரமனை ஆற்றுப் பாலம் வரை நடையும் உண்டு. நான்காம் நாள் காலை வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்துவிட்டு, முடிவுத்தாளைக் கையில் வாங்கியதும், "பாத்தியாலே, நூத்திப் பதினெட்டு!" என்று முதல் வகுப்பில் தேறியவர் போலச் சிரிப்பார்.

தோழர்களே, நாம் அவரைப் பார்த்துச் சிரிக்க உரிமை உடையவர்கள்தாமா? பருவம் முழுதும் திறக்காத நூலைப் பரீட்சைக்கு மூன்று நாள் முன்னே திறப்பவர்கள் நாம். இரவெல்லாம் விழித்து, காலையில் விடைத்தாளில் கொட்டிவிட்டு, மாலையில் மறந்துவிடுகிறோம். நம் பெரியவர்களும் மருத்துவரை ஒரு பரீட்சகராகவே நினைக்கிறார்கள். அவர் முன் தேறிவிட்டால் போதும்; நோய் பிழைத்துப் போகட்டும், மானம் பிழைத்தால் சரி!

ஆனால் இந்தப் பரீட்சையில் ஒரு கேள்வித்தாள் உண்டு. மூன்று நாள் படிப்பால் அதற்கு விடை எழுத முடியாது. நம் இரத்தச் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் என்னும் புரதம் இருப்பதைப் பள்ளியிலேயே படித்தோம். இரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ் அந்தப் புரதத்தின்மேல் மெல்ல மெல்ல ஒட்டிக்கொள்கிறது. சர்க்கரை மிகுந்தால் ஒட்டுவதும் மிகும். ஒட்டியது அந்த அணு இருக்கும் வரை விடுவதில்லை. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். ஆகவே, ஒட்டிய ஹீமோகுளோபின் எத்தனை சதவிகிதம் என்று அளந்தால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் கணக்கு வெளியாகிவிடும். நீரிழிவு உடையவர்களின் இரத்தத்தில் இவ்வகை ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதை 1968ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியவர் சாமுவேல் ரஹ்பார் என்ற ஈரானிய அறிஞர். அதிலிருந்து வளர்ந்ததே இன்று முடிவுத்தாளில் எச்.பி.ஏ.1.சி. என்று அச்சாகும் சோதனை. இதற்கு வெறும் வயிறும் வேண்டுவதில்லை. நேற்று உண்ட பாகற்காய் இதை அசைப்பதும் இல்லை. (இரத்தசோகை உடையவர்க்கும், அண்மையில் இரத்தம் ஏற்றப்பட்டவர்க்கும் இவ்வெண் தவறான கதை சொல்லக்கூடும், அவர்கள் அதை மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.)

சித்தப்பாவின் தாளில் நூற்றுப் பதினெட்டுக்குக் கீழே இரண்டு வரி தள்ளி 8.9 சதவிகிதம் என்று இருந்தது. பெரும்பாலோர்க்கு ஏழை ஒட்டி இருக்கவேண்டும் என்பர். வயதுக்கும் உடல் நிலைக்கும் ஏற்ப மருத்துவர் கூட்டியும் குறைத்தும் வைப்பர். அன்று டாக்டர் முதல் எண்ணைப் பார்த்தார், இரண்டாம் எண்ணைப் பார்த்தார், பிறகு சித்தப்பாவைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார்.

அன்று நடந்த மற்றொன்றைத்தான் இங்கே முக்கியமாகச் சொல்ல வந்தேன். எழுந்து வரும்போது சித்தப்பா, ஏதோ நினைவு வந்தவர் போல, "இடையில கொஞ்சம் மயக்கம் வருது சார்" என்றார். டாக்டர் மலையாளி, நல்லவர், பொறுமை உடையவர். "உச்சைக்கா?" என்று கேட்டார். நண்பகலிலா என்று பொருள். பதினொரு மணியும் நண்பகலுக்கு அருகுதானே என்று சித்தப்பா தலையாட்டினார். "சர்க்கரை கூடியிருந்தால் அப்படித்தான், எல்லாம் சரியாகும்" என்று சொல்லி அடுத்தவரை அழைத்தார் டாக்டர்.

மலையாளத்தில் மயக்கம் என்றால் கண் சொக்குதல், அரைத் தூக்கம். பகலில் உண்டபின் சாய்வதை உச்சமயக்கம் என்றே சொல்லுவர். சித்தப்பா சொன்னதோ கண் இருண்டு, உடல் வியர்த்து, கால் தள்ளாடுவதை. ஒரு சொல்லை ஒருவர் தமிழில் சொன்னார். மற்றவர் அதை மலையாளத்தில் கேட்டார். இருவரும் புரிந்துகொண்டதாகவே எண்ணினர். மொழி முற்றும் வேறாக இருந்தால் மறுபடி கேட்டுத் தெளிந்திருப்பர். உறவு மொழியாக இருந்ததே வினையாயிற்று!

சரக்கு வந்து இறங்கும் நாள்களில் சித்தப்பா காலை மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாப்பிடாமலேயே கடைக்குப் போவது வழக்கம். அவர் உண்ணும் கிளிமெபிரைடு என்ற மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது. உணவு வந்ததா இல்லையா என்று அது காத்திருப்பதில்லை. ஆகவே, இரவில் சர்க்கரை ஏறிக்கிடந்த அதே உடம்பில் காலை பதினொரு மணிக்குச் சர்க்கரை விழுந்துவிட்டது. குறைக்கவோ மாற்றவோ வேண்டிய மாத்திரை கூட்டப்பட்டது. ஒன்பதாம் நாள் கடையில் மூட்டைகளுக்கு இடையே விழுந்தார். உடன் வேலை செய்யும் மலையாளி அண்ணன் ஒருவர் அவருடைய சட்டை நனைந்திருப்பதைக் கண்டு, நினைவு முற்றும் போகுமுன் சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டினார். அவர் தாயாருக்கும் இந்நோய் உண்டாம், அதனால் தெரிந்தது. அந்த அண்ணன் அன்று விடுமுறையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுத விரும்பவில்லை.

நான் அன்று அந்த அறையில் இருந்தேன். உயிர்வேதியியல் படிக்கிறவன். இரண்டு மொழியும் தெரிந்தவன். டாக்டர் பேசும்போது கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இக்கட்டுரை எழுதுவதற்கு எனக்குள்ள தகுதி இதுவே.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் நாடெங்கும் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டவர்களைச் சோதித்து 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் நீரிழிவு உடையவர்கள் 10 கோடிக்கு மேல். இருபது வயதுக்கு மேற்பட்டோரில் 11.4 சதவிகிதம். கேரளத்தில் 25.5 சதவிகிதம், அதாவது வளர்ந்தவர்களில் நான்கில் ஒருவர். நாம் கரியவட்டத்துக்குப் பேருந்தில் போகும்போது முன்னிருக்கை, பின்னிருக்கை, நடத்துநர் என்று எண்ணிக்கொண்டே போகலாம். நமக்கும் இது தொலைவில் இல்லை. பெற்றோருக்கு உண்டென்றால் நாமும் சோதித்துக்கொள்ளவேண்டும்; நம் நாட்டவரை இந்நோய் மேல்நாட்டவரைவிட இளமையிலேயே, அவ்வளவு பருமன் இல்லாதபோதே பிடிக்கிறது.

தமிழருக்கு இந்நோயின் மருத்துவத்தில் பெருமைப்பட ஒரு வரலாறும் உண்டு. இந்தியாவில் நீரிழிவுக்கென்று தனிப்பிரிவு ஒன்று 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் தொடங்கியது. அதைத் தொடங்கிய பேராசிரியர் மா. விசுவநாதன் 1954இல் இராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே ஒரு மருத்துவமனையும் கண்டார். திருவனந்தபுரத்திலோ 1951இல் மருத்துவக் கல்லூரி எழுந்தது. கன்னியாகுமரி மாவட்டம் 1956இல் தமிழகத்தோடு சேர்ந்தபின்னும் களியக்காவிளை தாண்டி இங்கே வைத்தியத்துக்கு வரும் வழக்கம் நிற்கவில்லை. எல்லை மாறியது, நோயாளியின் பாதை மாறவில்லை. ஆகவே, இந்நகரில் தமிழ் பேசும் நோயாளி, மலையாளம் பேசும் மருத்துவர் என்ற காட்சி அன்றாடம் நிகழ்வது.

அக்காட்சிக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? பல நாடுகளின் கணக்குகளைத் திரட்டிய ஆய்வு ஒன்று 2017இல் வெளிவந்தது. உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வாழும் 18 நாடுகளில், முதல்நிலை மருத்துவரிடம் நோயாளிக்குக் கிடைப்பது ஐந்து நிமிடமோ அதற்கும் குறைவோதான் என்று அது காட்டியது. சுவீடனில் இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல். வங்காள தேசத்தில் ஒரு நிமிடமும் இல்லை. நம் நிலை எதற்கு அருகில் என்று ஓ.பி. வரிசையில் நின்றவர்க்குச் சொல்லவேண்டியதில்லை. மருத்துவரைக் குறை கூறி இதை மாற்றிவிட முடியாது. வெளியே நூறு பேர் நிற்கிறார்கள். நூற்றொன்றாமவர் நம் சித்தப்பா.

ஆகவே என் கருத்து இதுதான்: அந்த இரண்டு மூன்று நிமிடத்துக்குரிய வேலையில் பெரும்பகுதியை வீட்டிலேயே முடித்துக்கொண்டு போகவேண்டும். அதை முடிக்கத்தக்கவர்கள் அந்த வீட்டில் படித்த பிள்ளைகள். படிப்பு நமக்கு வேலை தரும்போது தரட்டும். அதுவரை இதற்காவது உதவட்டும்.

பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று. அடுத்த முறை நான் அதைத்தான் கொண்டு போனேன். முதல் பக்கத்தில், உண்ணும் மாத்திரைகள் எல்லாம்: பெயர், அளவு, எந்த நேரம், உண்மையில் எத்தனை நாள் உண்ணவில்லை. இந்தக் கடைசிச் செய்தியை எழுதுவதற்குள் வீட்டில் ஒரு சிறு போரே நடந்தது. "அதெல்லாம் எழுதாதலே, டாக்டர் திட்டுவாரு" என்றார் சித்தப்பா. உண்ணாத மாத்திரையை உண்டதாகச் சொன்னால், அது வேலை செய்யவில்லை என்று எண்ணி டாக்டர் இன்னொன்றைச் சேர்ப்பார். பொய்யின் விலை ஒரு மாத்திரை என்று சொன்னபின்தான் சம்மதித்தார். அவர் இரகசியமாக உண்டுவந்த நாட்டுமருந்துப் பொடியும் அப்போதுதான் அலமாரியிலிருந்து வெளியே வந்தது. நாட்டுமருந்தை நான் பழிக்கவில்லை. ஆனால் அதுவும் சர்க்கரையைக் குறைக்குமாயின், கிளிமெபிரைடோடு சேர்ந்து எவ்வளவு குறைக்கும் என்பதை டாக்டர் அறியாமல் எப்படிக் கணக்கிடுவார்?

இரண்டாம் பக்கத்தில் வீட்டுக் கருவியில் பார்த்த எண்கள். வெறும் எண் பயனற்றது. என்று, எத்தனை மணிக்கு, உண்ணுமுன்னா பின்னா என்பது வேண்டும். கருவியையே பையில் போட்டுக்கொண்டு போவது இன்னும் நல்லது. அதன் நினைவில் எல்லாம் இருக்கும், அது யாருக்கும் அஞ்சிப் பொய் சொல்லாது. உணவுக்குப் பின் எடுக்கும் சோதனைக்கும் இதே நேர்மை வேண்டும். முதல் கவளம் வாயில் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கணக்கு. அன்று மட்டும் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவது சோதனையை ஏமாற்றுவதாகும்; வழக்கமாக உண்பதையே உண்ணவேண்டும். வெறும் வயிற்றுச் சோதனைக்கு எட்டு மணி நேரம் உண்ணாதிருக்கவேண்டும், தண்ணீர் குடிக்கலாம். அன்று காலை மாத்திரையையோ ஊசியையோ எப்போது போடுவது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளாமல், அதைப் போட்டுவிட்டு வரிசையில் பட்டினியாக நிற்கக்கூடாது. உணவுப் பொட்டலம் கையில் இருக்கட்டும்.

மூன்றாம் பக்கம்தான் உயிர். உடம்பில் என்ன நடந்தது என்பதை நோயின் பெயரால் எழுதாமல், கண்டபடி எழுதவேண்டும். "மயக்கம்" என்று எழுதவில்லை நான். "மாத்திரை ஏழரைக்கு. சாப்பாடு இல்லை. பதினொன்றுக்கு வியர்வை, கைநடுக்கம், கண் இருட்டு. சீனித் தண்ணீர் குடித்தபின் கால் மணியில் தெளிவு. மாதத்தில் நான்கு முறை" என்று எழுதினேன். டாக்டர் அந்த நான்கு வரியைப் படித்தார். மயக்கம் என்ற சொல் செய்த குழப்பத்தை நான் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மாத்திரையின் அளவைக் குறைத்தார்; ஒன்றை மாற்றினார்; சாப்பாட்டைத் தொட்டபின்தான் மாத்திரையைத் தொடவேண்டும் என்று சித்தப்பாவின் கையைப் பிடித்துச் சொன்னார். சர்க்கரை எழுபதுக்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டிச் சீனி, கால் மணி கழித்து மறு சோதனை என்பதையும் நோட்டிலேயே எழுதித் தந்தார். மொத்தம் ஆறு நிமிடம் ஆகியிருக்கும்.

சொல் விஷயத்தில் மயக்கம் ஒன்றுதான் என்று எண்ணிவிடாதீர்கள். "நான் சர்க்கரையே சேர்ப்பதில்லை" என்று நம் அம்மா சொன்னால், மலையாளச் செவிலிக்கு அது வெல்லம். அங்கே சீனிக்குப் பெயர் பஞ்சசார. நாம் பனி என்றால் மார்கழி நினைவு வரும். அவர்களுக்குப் பனி என்றால் காய்ச்சல். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதை நம்மவர் மதமதப்பு என்பர், மரத்துப் போச்சு என்பர். அவர்கள் தரிப்பு, மரவிப்பு என்பர். இதைச் சொல்லத் தெரியாமல் எத்தனை பேர் செருப்பைக் கழற்றாமலேயே திரும்பி வருகிறார்களோ! கால் உணர்ச்சியும், கண்ணின் உட்படலமும், சிறுநீரில் புரதமும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பார்க்கப்படவேண்டியவை. மெட்ஃபார்மின் என்ற மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உண்பவர்க்கு பி12 வைட்டமின் குறைவதும் உண்டு. டாக்டர் மறந்தால் நாம் கேட்கலாம், கேட்பது குற்றமன்று. கண்ணில் மருந்து விட்டுப் பார்க்கும் நாளில் சில மணி நேரம் பார்வை மங்கும். அன்று சித்தப்பா ஸ்கூட்டர் ஓட்டக்கூடாது. நாம்தான் உடன் போகவேண்டும். கேரளத்தில் 'நயனாமிர்தம்' என்ற திட்டத்தின்கீழ்க் குடும்பாரோக்கிய கேந்திரங்களிலேயே கண்ணின் உட்படலத்தைப் படமெடுத்துப் பார்க்கிறார்கள். தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே மாத்திரையைக் கொண்டு வருகிறது. நல்ல திட்டம். ஆயினும் மாத்திரைதான் வருகிறதே என்று கண்ணையும் காலையும் மறந்திருப்பவர்கள் நம் ஊர்களில் உண்டு. விடுதியில் இருக்கும் தோழர்கள் வீட்டுக்குப் பேசும்போது "சுகர் எவ்வளவுப்பா?" என்று கேட்பதும், "நார்மல்தான்" என்ற விடை வருவதும் சடங்காகிவிட்டன. கடைசியாகக் கண்ணைச் சோதித்தது என்றைக்கு என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இராது.

இதற்கெல்லாம் ஒரு மறுப்பு உண்டு. என் அறைத் தோழர் ஒருவரே சொன்னார்: "நோட்டைக் கண்டால் டாக்டர்களுக்கு எரிச்சல் வரும். படித்த திமிர் என்பார்கள்." வரலாம். நாற்பது கேள்வியோடு போனால் எனக்கும் எரிச்சல் வரும். அதனால்தான் மேலே மூன்று வரி போதும் என்கிறேன்: சென்ற முறைக்குப் பின் புதிதாக வந்த தொல்லை, மாத்திரையில் நேர்ந்த தவறு, இன்று கட்டாயம் கேட்கவேண்டிய ஒரு கேள்வி. அதை உள்ளே நுழைந்தவுடன் சொல்லிவிட வேண்டும். எழுந்து வரும்போது கதவருகே சொல்லக்கூடாது. சித்தப்பா செய்தது அதுதான்.

மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. எங்கள் சங்க இதழை அவர்கள் படிப்பார்களோ, அறியேன். 8.9 என்று கண்டவுடன் "என்ன தின்றீர்?" என்று அதட்டும் குரல்தான் அடுத்த மூன்று நாள் விரதத்தைப் பிறப்பிக்கிறது. ஐம்பத்தெட்டு வயது மனிதர், ஊரில் நாலு பேர் மதிக்கும் கணக்கர், தம் மகள் வயதுள்ள ஒருவர் முன் குற்றவாளியாக நிற்க நாணுகிறார். பொய் அங்கேதான் முளைக்கிறது.

நம் சங்கம் ஆண்டுதோறும் பொங்கல் விழா நடத்துகிறது, பட்டிமன்றம் வைக்கிறது. நன்று. அவற்றோடு அரைத்தாள் ஒன்றும் அச்சிடலாம் என்று செயலாளரைக் கேட்டிருக்கிறேன். ஒரு பக்கம் நான் மேலே சொன்ன மூன்று வரிக்கும் மாத்திரைப் பட்டியலுக்கும் இடம். மறுபக்கம் உடல் தொல்லைகளின் பெயர்கள், இடப்புறம் தமிழில், வலப்புறம் மலையாள எழுத்திலேயே. தலைச்சுற்றல், தலகறக்கம், நினைவு தப்புதல், போதக்கேடு, நடுக்கம், விறயல், வியர்வை, வியர்ப்பு. இருபத்திரண்டு சொல் நானே எழுதி வைத்திருக்கிறேன். நான் நோய் அறிந்தவன் அல்லன், சொல் பொறுக்கியவன்தான். ஆகவே மருத்துவம் பயிலும் தமிழ்த் தோழர்கள் யாரேனும் பார்த்துத் திருத்தித் தரவேண்டும். சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் வீடு வீடாகக் கொடுக்க நான்கு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும்.

சித்தப்பா அடுத்த மாதம் இரண்டாம் வாரம் மறுபடி டாக்டரிடம் போகிறார். அதற்குள் தாள் வந்தால் முதல் படியை அவரே எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார். பழம்பொரியை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று கேட்கிறார்.